'கில்லிங் சீசன்': பழைய எதிரிகள், பாதியில் விட்ட பழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசோக் நகரில் நண்பர் வீட்டு மாடியில் சிலர் கூடிப் படம் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம். போர் முடிந்த பிறகு எதிரிகள் மறுபடி சந்திக்கும் கதைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, 2013-இல் வந்த 'கில்லிங் சீசன்' பற்றித்தான் அதிகமாகக் கேள்வி வந்தது. வந்தவர்கள் கேட்டார்கள், வராதவர்கள் போனில் கேட்டார்கள், அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்திருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வருகிறது. தெரிய வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

"அக்கா, டி நீரோவும் டிராவோல்டாவும் காட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் துரத்துவாங்களே, அந்தப் படத்தோட கதை என்ன?"

பெஞ்சமின் ஃபோர்ட் (ராபர்ட் டி நீரோ) ஓய்வு பெற்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. அப்பலாச்சிய மலைக் காட்டில் மரவீடு ஒன்றில் தனியாக வாழ்கிறார். காலில் பழைய குண்டுச் சிதறல் இருக்கிறது, வலி விடுவதில்லை. பேரனின் ஞானஸ்நானத்துக்கு மகன் கூப்பிட்டும் போக மனம் வரவில்லை. எமில் கோவாச் (ஜான் டிராவோல்டா) போஸ்னியப் போரில் செர்பியர் பக்கம் நின்றவன். போரின்போது ஃபோர்ட் அவனைப் பிடித்துச் சுட்டுவிடுகிறார், ஆனால் அவன் சாகவில்லை. பல வருடம் கழித்து செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஃபோர்டின் விவரங்களைக் காசு கொடுத்து வாங்கி, அமெரிக்கா வந்து, வேட்டையாட வந்த போஸ்னியச் சுற்றுலாப் பயணி என்று சொல்லிப் பழகுகிறான்.

ஒரு ராத்திரி இருவரும் சேர்ந்து சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். மறுநாள் காலை வேட்டைக்குப் போகும் இடத்தில் உண்மை வெளியே வருகிறது. அதற்குப் பிறகு வில், அம்பு, கத்தி, கயிறு. ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதும்தான் மீதிப் படம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

"ரெண்டு பேரும் பெரிய நடிகர்கள். அப்புறம் ஏன் இந்தப் படத்தைப் பத்தி யாருமே பேசலை?"

பேசும் அளவுக்கு அது தியேட்டருக்கே வரவில்லை. 2013 ஜூலையில் அமெரிக்காவில் மிகக் குறைவான திரைகளில் வெளியானது. விமர்சகர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். நம் ஊரில் பலர் இதைப் பார்த்தது டிவியிலோ, ஏதோ ஒரு தளத்தில் கண்ணில் பட்டபோதோதான். அதனால்தான் "இப்படி ஒரு படம் இருக்கா?" என்ற ஆச்சரியத்தோடு இந்தக் கேள்வி வருகிறது.

படம் உருவான விதமும் நேரானதல்ல. முதலில் 'ஷ்ராப்னெல்' என்ற பெயரில், 'டை ஹார்ட்' எடுத்த ஜான் மெக்டியர்னன் இயக்க, டிராவோல்டாவும் நிகோலஸ் கேஜும் நடிப்பதாக இருந்தது. 1997-இல் 'ஃபேஸ்/ஆஃப்' படத்தில் மோதிய அதே ஜோடி. அது நடக்கவில்லை. கேஜ் இடத்துக்கு டி நீரோ வந்தார், இயக்கம் 'டேர்டெவில்', 'கோஸ்ட் ரைடர்' எடுத்த மார்க் ஸ்டீவன் ஜான்சனிடம் போனது. எவன் டாஹெர்ட்டி எழுதிய திரைக்கதை. கை மாறியதாலேயே படம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கோளாறு கதைக்குள்ளேயே இருக்கிறது, கீழே வருகிறேன்.

"போஸ்னியா எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. அந்தப் போர் எதுக்கு நடந்தது? சுருக்கமா சொல்லுங்க."

யூகோஸ்லாவியா என்றொரு நாடு இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது துண்டு துண்டாக உடைந்தது. போஸ்னியாவில் போஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோவாசியர்கள் மூன்று பேரும் கலந்து வாழ்ந்தார்கள். 1992-இல் போஸ்னியா தனிநாடாக அறிவித்துக்கொண்டதும் போர் வெடித்து 1995 கடைசி வரை நீண்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போனவர்களையும் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களையும் சுற்றியிருந்த மலையிலிருந்து குண்டு தேடி வந்தது.

1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படைகள் கொன்றன. சர்வதேச நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன. அந்த வருடம் நவம்பரில் அமெரிக்காவின் டேட்டனில் உடன்பாடு எட்டப்பட்டது, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்தானது. படத்தைப் பார்க்கும் முன் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். படம் இதில் கால்வாசியைக்கூடச் சொல்வதில்லை.

"அப்போ அமெரிக்க சிப்பாய்ங்க அங்க போய் செர்பியர்களைப் பிடிச்சு வரிசையா நிக்க வெச்சு சுட்டது நிஜமா நடந்ததா?"

இல்லை, அது கதைக்காகச் செய்த கற்பனை. போர் நடந்த வருடங்களில் அமெரிக்கத் தரைப்படை போஸ்னியாவில் சண்டையிடவில்லை. நேட்டோ விமானங்கள் 1995 ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 20 வரை போஸ்னிய செர்பிய ராணுவ நிலைகள் மீது குண்டு வீசின. டேட்டன் உடன்பாட்டுக்குப் பிறகுதான் சுமார் 60,000 பேர் கொண்ட நேட்டோ அமைதிப் படை உள்ளே போனது, அதில் ஏறத்தாழ 20,000 பேர் அமெரிக்கர்கள்.

கற்பனை செய்வதில் தப்பில்லை. ஆனால் இது சின்னக் கற்பனை அல்ல. படத்தின் மொத்தப் பழியும் இந்த ஒரு சம்பவத்தின் மேல்தான் நிற்கிறது. செர்பியர்கள் ஆட்களை அடைத்து வைத்த முகாமின் கொடுமையைப் பார்த்துக் கொதித்த அமெரிக்கர்கள், பிடிபட்டவர்களைத் தாங்களே சுட்டுக் கொல்கிறார்கள். இவ்வளவு கனமான ஒன்றைக் கற்பனையாகச் சேர்த்தால் அதை முழுசாகப் பேசவும் வேண்டும். எப்படி முடிவெடுத்தார்கள், யார் மறுத்தார்கள், ஊர் திரும்பிய பிறகு அந்த வீரர்களுக்குள் அது எப்படி இருந்தது? படத்தில் இது தொடக்கத்தில் சில நிமிடம், நடுநடுவே துண்டு துண்டாக நினைவு, அவ்வளவுதான்.

"கோவாச் 'ஸ்கார்பியன்ஸ்' படையில இருந்தவன்னு வருதே, அதுவும் கற்பனைதானா?"

அது நிஜம். 'ஸ்கார்பியன்ஸ்' என்பது செர்பியத் துணைப்படை ஒன்றின் பெயர். ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்து வந்த ஆறு முஸ்லிம்களை அவர்கள் ட்ர்னோவோ பக்கம் சுட்டுக் கொன்று, அதைத் தாங்களே வீடியோவும் எடுத்தார்கள். கொல்லப்பட்டவர்களில் பதின்ம வயதுப் பையன்களும் இருந்தார்கள். நடாஷா காண்டிச் என்ற செர்பிய மனித உரிமைச் செயல்பாட்டாளர் அந்த ஒளிநாடாவைத் தேடிப் பிடித்தார். 2005 ஜூனில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோஷெவிச் மீதான போர்க்குற்ற வழக்கு விசாரணையின்போது அது காட்டப்பட்டது, செர்பியத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. 2007-இல் பெல்கிரேட் நீதிமன்றமே அந்தப் படையில் இருந்த நான்கு பேருக்குத் தண்டனை கொடுத்தது.

எனக்குப் படத்தின் மேல் உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். இப்படி ஒரு பெயரை எடுத்துக் கதாபாத்திரத்தின் மேல் ஒட்டிவிட்டு, அவன் அந்தப் படையில் இருந்தபோது என்ன செய்தான் என்று கேட்கக் கடைசி வரை நேரம் ஒதுக்காமல் விடுகிறார்கள். செத்தவர்களின் அம்மாக்கள் அந்த வீடியோவில்தான் தங்கள் பிள்ளைகளின் கடைசி நிமிடத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெயர் வில்லனுக்குக் கொஞ்சம் பயங்கரம் கூட்டுவதற்கான பெயர் இல்லை.

"டிராவோல்டா பேசுறது செர்பிய உச்சரிப்பா? காதுக்கே ஒரு மாதிரி இருக்கு."

முயற்சி அதுதான். மொட்டைத் தலை, தாடை ஓரமாக ஓடும் தாடி, இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கிலம். விமர்சகர்கள் அதிகம் கிண்டல் செய்ததும் அதைத்தான். எனக்கு அது பெரிய குறையில்லை. நல்ல காட்சி கிடைத்திருந்தால் அந்த உச்சரிப்பை நாமே பத்து நிமிடத்தில் மறந்திருப்போம்.

"பசங்களோட உக்காந்து பார்க்கலாமா?"

வேண்டாம். அம்பு துளைத்த காலுக்குள் கயிறு கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடும் காட்சி இருக்கிறது. கன்னத்தில் அம்பு பாய்ந்து கதவோடு ஒட்டிக்கொள்ளும் காட்சி இருக்கிறது. எலுமிச்சைச் சாறில் உப்புக் கலந்து செய்யும் சித்திரவதை ஒன்று இருக்கிறது. பெரியவர்களிலேயே பாதிப் பேர் எங்கள் மாடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கால்ல அம்பு பாஞ்சவர் மலையில ஓடுறாரே, அது எப்படி?"

முடியாது. அதுவும் ஏற்கெனவே சிதறல் தங்கிய கால், அறுபதைக் கடந்த மனிதர். படத்தில் காயம் அடுத்த காட்சி வரைக்கும்தான் வலிக்கிறது. காயத்துக்குக் கணக்கு இல்லாத படத்தில் பயமும் தங்காது. இதன் தொடர்ச்சி அடுத்த பதிலில்.

"பழிவாங்குற படம்னா அடிதடி இருக்கத்தானே செய்யும்? நீங்க இதுல போய் ரொம்ப எதிர்பார்க்கறீங்க."

அடிதடி இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். தமிழ் சினிமாவில் பழிவாங்கும் கதை பார்த்துத்தானே வளர்ந்தோம். அதனால்தான் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: அடி விழும்போது, எந்தக் குற்றத்துக்காக அந்த அடி என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெரினாவில் சிலம்போடு நிற்கும் கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் நேராகப் போய் மதுரையை எரிக்கவில்லை. முதலில் அரசவைக்குப் போனாள், சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டினாள், தீர்ப்பு தப்பு என்று அரசன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தாள். நெருப்பு அதற்கு அப்புறம்தான். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது.

'கில்லிங் சீசன்' நெருப்பில் தொடங்கி நெருப்பிலேயே நிற்கிறது. கோவாச் ஃபோர்டைப் பிடிக்கிறான், கட்டிப்போட்டுப் பேசுகிறான், ஃபோர்ட் தப்பிக்கிறார். அப்புறம் ஃபோர்ட் கோவாச்சைப் பிடிக்கிறார், கட்டிப்போட்டுப் பேசுகிறார், கோவாச் தப்பிக்கிறான். கபடி ஆட்டம் போல மாறி மாறி. ஒவ்வொரு முறையும் கொல்லும் வாய்ப்பு கையில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் பேச்சு நீண்டு வாய்ப்பு நழுவுகிறது. "உன் வாயால் ஒப்புக்கொள்" என்று கோவாச் கேட்பது நல்ல கோரிக்கை. ஃபோர்ட் எதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைப் படம் கடைசிக்கென்று ஒளித்து வைத்துவிடுவதால், நடுவில் வரும் வலிக்கெல்லாம் அர்த்தம் கிடைப்பதில்லை. பார்ப்பவருக்கு மிஞ்சுவது சித்திரவதை மட்டும்.

"நல்லதா ஒண்ணுமே இல்லையா?"

இருக்கிறது. அந்த முதல் ராத்திரி. வெளியே மழை, மரவீட்டுக்குள் இரண்டு பேர், நடுவில் யேகர்மைஸ்டர் என்ற மது பாட்டில். ஒருவருக்கு எதிரில் இருப்பவன் யார் என்று தெரியாது, மற்றவனுக்கு எல்லாம் தெரியும். பழைய பாட்டுகள், வேட்டை, போர் எல்லாம் பேச்சில் வருகிறது. டிராவோல்டா இங்கே அமைதியாக இருக்கிறார், டி நீரோவும் மெல்ல மெல்ல இளகுகிறார். பேச்சுக்கு ஆள் கிடைக்காத ஒரு கிழவருக்கு ஒரு ராத்திரி துணை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிகிறது. வந்தவனே கொல்ல வந்தவன் என்பது நமக்குத் தெரிவதால் நெஞ்சு கனக்கிறது. படம் முழுவதையும் அந்த வீட்டுக்குள்ளேயே எடுத்திருக்கலாம் என்று எங்கள் மாடியில் ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். அதுதான் சரியான யோசனை என்று எனக்கும் படுகிறது.

காடும் அழகு. ஜார்ஜியா மாநிலத்தில் டல்லூலா பள்ளத்தாக்குப் பக்கம் எடுத்திருக்கிறார்கள், பாறையும் அருவியும் கண்ணை விட்டுப் போகாது. இன்னொன்று: ஃபோர்ட் இப்போது விலங்குகளைச் சுடுவதில்லை, கேமராவில் படம் மட்டும் எடுக்கிறார். 1978-இல் 'தி டீர் ஹன்டர்' படத்தில், வியட்நாமிலிருந்து திரும்பிய டி நீரோ மானைக் குறி வைத்துவிட்டுச் சுடாமல் விடுவார். இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் வரும்.

"கோவாச் பக்கம் நியாயம் இருக்கா இல்லையா? நேரா சொல்லுங்க."

அவன் புகாரில் நியாயம் இருக்கிறது, அவன் எடுத்த வழியில் இல்லை. பிடிபட்டு ஆயுதம் இல்லாமல் நிற்பவனைச் சுடுவது போர்க்குற்றம். 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தடை செய்கின்றன. சுடப்பட்டவன் எவ்வளவு கொடூரமானவன் என்பதால் அந்தத் தடை தளர்வதில்லை. ஆக ஃபோர்ட் குற்றவாளிதான். கோவாச்சும் குற்றவாளி, அவன் இருந்த படையைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களை விசாரிக்க வழி இல்லாமலும் இல்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கென்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993-இல் ஹேக்கில் அமைத்த நீதிமன்றம் 161 பேர் மேல் குற்றம் சாட்டியது, 2017 வரை இயங்கியது. ஒளிந்து வாழ்ந்த போஸ்னிய செர்பியத் தலைவர் ராடோவான் கராஜிச்சை 2008-இல் பெல்கிரேடில் பிடித்தார்கள், அவர்களின் ராணுவத் தளபதி ராட்கோ ம்லாடிச்சை 2011-இல் செர்பியாவின் ஒரு கிராமத்தில். இருவருக்கும் கடைசியில் ஆயுள் தண்டனை. மெதுவான, குறைகள் உள்ள நீதிதான். ஆனால் சாட்சிகள் வந்து, பெயர் சொல்லி, நடந்ததைச் சொல்லும் இடமாக அது இருந்தது. படத்தில் அப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

"கடைசில ரெண்டு பேரும் மன்னிச்சுக்கறாங்க. கொல்லாம விட்டது நல்ல விஷயம்தானே, அதுலயும் குறையா?"

என்னிடம் அதிகமாக வாதாடியவர்கள் இந்தக் கேள்வியில்தான் வாதாடினார்கள். இடிந்த தேவாலயம் ஒன்றில் இருவரும் மனம் திறந்து பேசுகிறார்கள். கோவாச் ஊர் திரும்புகிறான், ஃபோர்ட் மகன் வீட்டுக்குப் போகிறார். கொல்லாமல் விட்டது நல்லதுதான். எனக்கும் அவர்கள் இருவரும் உயிரோடு பிரிந்ததில் நிம்மதி.

ஆனால் யார் யாரை மன்னித்தார்கள்? ஃபோர்ட் சுட்டது கோவாச்சை, அதைக் கோவாச் மன்னிக்கலாம். கோவாச்சின் குற்றத்தை மன்னிக்க ஃபோர்டுக்கு என்ன உரிமை? அவன் ஃபோர்டுக்கு எதிராகப் போரில் எதுவும் செய்யவில்லை. முகாமில் அடைபட்டவர்களுக்கும் செத்தவர்களுக்கும் எதிராகத்தான் செய்தான். அவர்களைத் தொடக்கக் காட்சியில் பிணமாகக் காட்டியதோடு சரி. ஒரு போஸ்னிய முஸ்லிம் கதாபாத்திரம்கூடப் பெயரோடு, பேச்சோடு இந்தக் கதையில் நடமாடவில்லை. மன்னிக்கும் உரிமை உள்ளவர்களை வெளியே நிறுத்திவிட்டு, சுட்டவனும் சுடப்பட்டவனும் தங்களுக்குள் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் படம் ஏமாற்றமாகிப் போனது இதனால்தான். சண்டைக் காட்சிகள் இன்னும் நன்றாக எடுக்கப்பட்டிருந்தாலும் இந்த ஏமாற்றம் போயிருக்காது.

"சரி, இதே மாதிரிக் கதை, ஆனா நல்லா எடுத்த படம் ஏதாவது சொல்லுங்க."

முதலில் 'நோ மேன்ஸ் லேண்ட்', 2001. போஸ்னியாக்காரரான டானிஸ் டனோவிச் எடுத்தது. பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருந்தால், 2002-இல் 'லகான்' போட்டியிட்ட அதே வெளிநாட்டுப் படப் பிரிவில் ஆஸ்கர் வாங்கியது இந்தப் படம்தான். அன்று நம்மில் பலர் வருத்தப்பட்டோம். படத்தைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் எனக்குப் போய்விட்டது. இரண்டு படைகளுக்கும் நடுவில் ஒரு பதுங்குகுழி. அதில் ஒரு போஸ்னியன், ஒரு செர்பியன், மூன்றாவதாக ஒருவன் கண்ணிவெடியின் மேல் படுத்திருக்கிறான். அவன் அசைந்தால் வெடிக்கும்.

அதில் ஒரு காட்சி. போரை யார் தொடங்கியது என்று இருவருக்கும் வாக்குவாதம். துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் மற்றவனை "எங்க பக்கம்தான் தொடங்கியது" என்று சொல்ல வைக்கிறான். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி கை மாறுகிறது, பதிலும் மாறுகிறது. 'கில்லிங் சீசன்' ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டுச் செய்யும் அதே இடமாற்றம்தான், இங்கே சில நிமிடத்தில் ஒரு போரே புரிந்துவிடுகிறது. வெடிமேல் படுத்தவனை யாராலும் காப்பாற்ற முடியாது என்பது கூடவே இருந்துகொண்டே இருக்கிறது. பாதிக்கப்பட்டவனைப் படம் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை.

இரண்டாவது, ஜான் பூர்மன் 1968-இல் எடுத்த 'ஹெல் இன் தி பசிபிக்'. ஆளில்லாத தீவில் ஓர் அமெரிக்கன், ஒரு ஜப்பானியன். லீ மார்வின், டொஷிரோ மிஃபுனே. இரண்டாம் உலகப் போரில் இருவருமே எதிரெதிர் ராணுவங்களில் இருந்தவர்கள், மார்வின் 1944-இல் சைப்பான் தீவுச் சண்டையில் காயம்பட்டவர். படத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தண்ணீருக்காகச் சண்டை போட்டு, களைத்து, கடைசியில் சேர்ந்து தெப்பம் கட்டுகிறார்கள்.

"சினிமா விடுங்க. நிஜத்துல இப்படிப் பழைய எதிரிங்க சந்திச்சு மன்னிச்சது உண்டா?"

உண்டு. எரிக் லோமாக்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு அதிகாரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் மாட்டினார். சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். முகாமில் ரகசியமாக ரேடியோ செய்து வைத்திருந்தது தெரிந்ததும் கைகள் உடையும் வரை அடித்தார்கள், விசாரணையின்போது மூக்கிலும் வாயிலும் தண்ணீர் விட்டார்கள். அப்போது மொழிபெயர்த்தவர் நாகாசே தகாஷி. லோமாக்ஸ் பல பத்தாண்டுகள் அந்த முகத்தை வெறுத்து வாழ்ந்தார். நாகாசே மனம் வருந்தி, கல்லறைகளுக்குப் போய்ப் பிரார்த்தித்து, தான் செய்ததை எழுதிவருகிறார் என்று பின்னால் தெரிந்தது. லோமாக்ஸின் மனைவிதான் முதலில் கடிதம் எழுதினார். 1993-இல் தாய்லாந்தின் குவாய் ஆற்றங்கரையில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே சுட்டவனும் சுடப்பட்டவனும் அல்ல, துன்பப்பட்டவரும் துன்பத்தில் பங்கெடுத்தவரும். குற்றம் என்ன என்பதில் இருவருக்கும் ஒரே பதில் இருந்தது. நாகாசே முதலிலேயே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை வைத்து 2013-இல் 'தி ரயில்வே மேன்' வந்தது, காலின் ஃபிர்த் நடித்தது. அதில் லோமாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கத்தியோடு மிரட்டுவது போல ஒரு பகுதி இருக்கிறது. நிஜத்தில் கடிதம் எழுதிப் பேசி முடிவு செய்த பிறகே சந்தித்தார்கள். கடிதப் போக்குவரத்தைவிடக் கத்தி திரையில் எடுபடும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கடிதங்கள்தான் வேண்டும்.

நமக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. 415 கிலோமீட்டர் நீளமான அந்த ரயில்பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சென்னையில் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்கள் பெயர் பொறித்த கற்களின் கீழ், வெட்டிய புல்லுக்கு நடுவே கிடக்கிறார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அவர்கள் சார்பில் யார் யாரை மன்னிப்பது?

"நம்ம பக்கத்துலயே, ஈழத்துல போர் நடந்தது. அதை வெச்சு இப்படி ரெண்டு பேர் சந்திக்கிற கதை எடுத்தா நீங்க ஏத்துப்பீங்களா?"

இதைக் கேட்டவர் வளசரவாக்கத்தில் வசிக்கும், அங்கிருந்து வந்த ஒரு பெரியவர். அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. காணாமல் போனவர்களைத் தேடும் அம்மாக்கள் அதற்குப் பிறகும் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு அம்மா கதைக்குள் இல்லாமல், ஒரு முன்னாள் சிப்பாயும் ஒரு முன்னாள் போராளியும் மட்டும் காட்டுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் கைகுலுக்கிப் பிரிந்தால் நான் ஏற்க மாட்டேன். அந்த அம்மா வந்து கேள்வி கேட்கட்டும், இருவரும் அவருக்குப் பதில் சொல்லட்டும். பதில் சொல்ல முடியாமல் நின்றாலும் சரி, அந்தப் படத்தை நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

பெரியவர் தலையாட்டினார். "அந்த அம்மா மன்னிக்க மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டார். மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, படம் அந்த இடத்திலேயே முடியட்டும் என்றேன்.

"எனக்கு ஒரு ராத்திரிதான் டைம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?"

'நோ மேன்ஸ் லேண்ட்'. அதுவும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான், சப்டைட்டிலோடு பாருங்கள். டி நீரோ, டிராவோல்டாவுக்காக 'கில்லிங் சீசன்' பார்த்தே ஆக வேண்டும் என்றால், மரவீட்டு ராத்திரிக் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். மறுநாள் காலை இருவரும் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கும்போது எழுந்து போகலாம்.